லயக் கூரையும் கிளிப்சியும்: ஒரு படிமுறை ஆய்வு

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டனுக்கும் நடுவே ரயில் நின்று போகும் வட்டகொடையை இவ்வாய்வின் களமாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. குடியிருந்துகொண்டே வீட்டைப் புதுப்பிக்கும் கலையைத் தோட்டத்து வரிசைவீடுகளான லயங்களைப் போல் யாரும் பயின்றதில்லை. 10 அடிக்கு 12 அடிக் காம்பறாவில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே பின்னால் குசினி முளைக்கும். முன்னால் இஸ்தோப்பு அடைபட்டு அறையாகும். கூரைதான் சிக்கல். அது லயம் முழுவதற்கும் ஒன்று. ஒருவர் தன் தகரத்தைக் கழற்றினால் மழை அடுத்த வீட்டுச் சோற்றுப்பானையில் விழும்.

சொந்தக் கையால் கட்டிய லினக்ஸில் அந்தக் கூரைக்குக் கிளிப்சி (glibc) என்று பெயர்; ஏறக்குறைய எல்லா நிரல்களும் சார்ந்திருக்கும் பொது நூலகம் அது. ஜெரார்ட் பீக்மன்ஸ் 1999இல் ‘லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்’ நூலை வெளியிட்ட நாள்தொட்டு, மூலநிரலிலிருந்து தாமே கட்டிக் குடிபுகுந்தோர் பலர். அவர்களுள், ஆண்டுக்கணக்கில் எதையும் தொடாதிருந்து, திடீரென ‘எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுவோம்’ என்று எழுபவரே நம் ஆய்வுப்பொருள். (அன்று அவருக்குச் செய்ய வேண்டிய வேறு வேலை ஒன்று கட்டாயம் இருக்கும். இத்தொடர்பு தனி ஆய்வுக்கு உரியது.)

அவர் முதலில் முட்டிக்கொள்வது கம்பைலரில். ஜிசிசி 4.7 வரை சி மொழிக் கம்பைலராலேயே கட்டலாம். 4.8 முதல் சி++ வேண்டும். 11க்குச் சி++11 தெரிந்த கம்பைலர் வேண்டும், 4.8.3 போதும். ஆக, சி மட்டும் பேசும் பழங்கம்பைலர்க்காரர் 4.7, 4.9 என்று ஏறித்தான் 11ஐ எட்டுவார். ஒவ்வொரு படியிலும் ஜிசிசி தன்னைத் தானே மூன்று முறை கட்டும். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே சாடையாக இருந்தால்தான் தேர்ச்சி.

அடுத்தது கூரை. கிளிப்சி 2.26, 3.2க்குக் கீழான கெர்னலைக் கண்டால் ‘மிகப் பழையது’ என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளும். புதிய கெர்னலோ பழைய நிரல்களை முகம் சுளிக்காமல் ஏற்கும். ஆதலால் கெர்னல் முந்தி, கிளிப்சி பிந்தி. கூரை எல்லாருக்கும் ஒன்றே என்பதை மறந்து கிளிப்சியின் பழைய இணைப்பை முதலில் அழிப்பவருக்கு எல்எஸ், சிபி, எம்வி கட்டளைகள் எல்லாம் அக்கணமே செத்துப்போகும். பழையதைத் திருப்பி வைக்க வேண்டிய எம்வியும் அதே கூரையின் கீழ்தானே இருந்தது!

‘இடித்துவிட்டுப் புதிதாகவே கட்டலாமே’ என்பர் மறுப்பாளர். தோட்டத்தில் தனிவீடும் காணியும் கேட்பதும் அதைத்தான். கோரிக்கை முற்றிலும் நியாயம். வீடு வரும்வரை எங்கே படுப்பது என்பதே இங்கு கேள்வி.

தனிக் கோப்புறையில் புதிய கம்பைலரையும் கிளிப்சியையும் கட்டி, சிரூட்டில் (chroot) அதையே வேராகக் கொண்டு புகுந்து வாழ்ந்து பார்த்தபின் மாற்றுவது அறிஞர் வழக்கு. அதையும் மீறிக் கூரை பறந்தால், கிளிப்சியோடு கூடவே எஸ்எல்என் என்றொரு சிறு நிரல் வருகிறது. எந்தப் பகிர்வு நூலகத்தையும் சாராதது. அறுந்த இணைப்பை ஒட்டுவதே அதன் தொழில். அது எந்தக் கோப்புறையில் கிடக்கிறது என்பதை எல்எஸ் உயிரோடிருக்கும்போதே பார்த்துக் குறித்துக்கொள்க, தாளில்.