கலர் பார்ப்பவர்

அலுவலகத்துக்கு ஒருவர் இப்படி இருப்பார். ஆயிரம் பேர் வேலை பார்த்தாலும் ஒருவர். பத்துப் பேர் இருந்தாலும் அந்த ஒருவர் கட்டாயம் உண்டு. லினக்ஸ் ஓட்டுவார், டார்க் தீம் போட்டிருப்பார். தன் திரையில் டைட்டில் பாரும் அதற்குக் கீழே இருக்கும் மெனு பாரும் ஒரே சாம்பல் நிறத்தில் இல்லை என்பது அவருடைய மனக்குறை.

"தம்பி, ஒரு நிமிஷம் வாங்க. என்ன தெரியுது?"

"ஸ்டாக் லிஸ்ட் தெரியுது சார்."

"அதை விடுங்க. மேல பாருங்க. இந்தப் பட்டைக்கும் அந்தப் பட்டைக்கும் நடுவுல?"

"ஒண்ணும் தெரியலையே சார்."

"அதான்! ஒண்ணும் தெரியக் கூடாது. ஒரு கோடு தெரியுது."

தம்பிக்குக் கோடு தெரியாது. ஆமாம் என்று சொன்னால் சீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்பது மட்டும் தெரியும். "ஆமா சார், லேசா..." என்று இழுப்பார். அங்கேதான் மாட்டிக்கொள்வார். "லேசாவா?" என்று ஆரம்பமாகும். மேலே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 45. கீழே மூன்றும் 48. பூஜ்யத்தில் தொடங்கி 255 வரை போகிற அளவுகோலில் முழுசாக மூன்று புள்ளி! தம்பி டீ குடிக்கப் போவது அன்றைக்கு இல்லை.

சிரிக்கலாம், ஆனால் நியாயம் அவர் பக்கம்தான். அந்த மூன்று புள்ளிக்குப் பின்னால் ஒரு பழைய சண்டை இருக்கிறது. 1996-இல் ஜெர்மனியில் மத்தியாஸ் எட்ரிச் என்ற மாணவர் கேடிஇ என்ற டெஸ்க்டாப்பைத் தொடங்கினார். அதற்கு அடித்தளமாக மெனு முதலானவற்றை வரைந்துகொடுக்கும் க்யூடி அந்தக் காலத்தில் கட்டற்ற மென்பொருள் இல்லை. அது பொறுக்காமல் 1997-இல் மெக்சிகோவின் மிகேல் தெ இகாசாவும் ஃபெதெரிகோ மெனாவும் க்னோம் என்று தனியாக ஒன்றைத் தொடங்கினார்கள். க்யூடிக்குப் பதிலாக அவர்கள் எடுத்துக்கொண்டது ஜிடிகே. ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளுக்காகச் செய்தது. க்யூடியின் உரிமம் பிற்பாடு மாறிவிட்டது, சண்டைக்கும் காரணம் போய்விட்டது. இரண்டு தரப்பும் மட்டும் அப்படியே நின்றுவிட்டன.

ஆகவே டைட்டில் பாரை வரைவது பெரும்பாலும் விண்டோ மேனேஜர். உள்ளே மெனுவை வரைவது ஜிடிகேயோ க்யூடியோ. ஃபயர்ஃபாக்ஸ் யாரையும் நம்பாது, முக்கால்வாசி தானே வரைந்துகொள்ளும். ஆளுக்கொரு ஃபைல், ஒவ்வொரு ஃபைலிலும் யாரோ எப்போதோ எழுதிவைத்த ஒரு சாம்பல். வித்தியாசம் மூன்று புள்ளியோடு நின்றதற்கு அவர் திருப்பதிக்கு முடி கொடுக்கலாம்.

அவர் அளக்கும் அழகைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். கலர் பிக்கரைத் திறப்பார். திறந்த மாத்திரத்தில் அது முன்னால் வந்து நிற்கும். அளக்க வேண்டிய விண்டோ பின்னுக்குப் போய்விடும். பின்னுக்குப் போன விண்டோவுக்கு நிறைய தீம்களில் கொஞ்சம் மங்கலான வேறு நிறம். ஆக, அளக்கப் போனாலே நிறம் மாறிவிடும். சரி என்று விண்டோவின் மேல் கிளிக் செய்தால் நிறம் திரும்பிவிடும், பிக்கர் மறைந்துவிடும். பத்து விரலும் மௌஸுமாக அவர் இந்தக் கண்ணாமூச்சியை ஆடி முடித்து, கடைசியில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஜிம்பில் போட்டு அளப்பார். அதையே நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். "எனக்கு எல்லாமே மஞ்சளாத்தான் தெரியுது" என்று பதில் வரும். நண்பர் போனில் ராத்திரி நேரத்து ஃபில்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒருவழியாக சிஎஸ்எஸ் ஃபைலில் அந்த வரியைப் பிடித்து 48-ஐ 45 ஆக்கிவிடுவார். அன்றைக்கு கேன்டீனில் எல்லோருக்கும் அவர் செலவில் வடை. அடுத்த வாரம் அப்டேட் வரும்; தீம் புதிதாக இறங்கி அவர் திருத்தியதை விழுங்கிவிடும். சிஸ்டம் ஃபைலில் கை வைக்கக் கூடாது, ஹோம் ஃபோல்டரில் நகல் எடுத்து அதில்தான் திருத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா? ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுப்பவரே அவர்தான்.

2019-இல் க்னோம் பக்கம் செயலி எழுதுகிற சிலர், எங்கள் செயலிகளுக்கு நீங்களாகத் தீம் மாட்டாதீர்கள் என்று பகிரங்கக் கடிதம் போட்டார்கள். தன் பெயருக்கே வந்த கடிதமாக அதை எடுத்துக்கொண்டவர், அன்றைய சாப்பாட்டில் மோர் வரைக்கும் வரவில்லை.

மானிட்டரைப் பற்றி அவரிடம் யாரும் பேச்செடுப்பதில்லை. அது பழைய டிஎன் பேனல். தலையை ஏற்றி இறக்கினாலே நிறம் மாறும். உட்கார்ந்தால் ஒரு சாம்பல், எழுந்தால் ஒரு சாம்பல். துப்புரவு செய்கிற அம்மா ஒருநாள் அவர் நாற்காலியை இரண்டு விரற்கடை இறக்கிவைத்துவிட, காலை முழுக்கத் தீமில் கோளாறு தேடிக்கொண்டிருந்தார்.

இத்தனை கூர்மையான கண்ணை வைத்துக்கொண்டு மனைவியோடு மேட்சிங் சென்டருக்குப் போவார். போவார் என்றால், வாசல் வரை. உள்ளே அந்த அம்மாள் எம்.எஸ். ப்ளூ பட்டுக்கு ஜாக்கெட் பிட் தேடுவார். எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டியதால் பெயர் வாங்கிய நீலம் அது. மயில்கழுத்தை எடுத்து வைத்து யாரும் ஏமாற்ற முடியாது. கடைக்காரரும் விவரமானவர். ட்யூப் லைட்டை நம்பாமல், புடவைத் தலைப்பையும் ஏழெட்டு பிட்டுகளையும் வெயிலுக்கு எடுத்து வந்து ஒவ்வொன்றாக ஒட்டிவைத்துக் காட்டுவார்.

"ஏங்க, இது ஒத்துப்போகுதா, கொஞ்சம் கருநீலம் அடிக்குதா?"

நம்மவர் போனிலிருந்து அரைக் கண்ணை எடுப்பார்.

"எல்லாம் ஒரே நீலம்தானே? கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா யாருக்குத் தெரியப் போகுது!"

"அப்படிச் சொல்லாதீங்க சார்," என்பார் கடைக்காரர், பதறிப்போய். "அப்புறம் நாங்க கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்."