பந்திக்கும் முந்து, படைக்கும் முந்து

லோத்குண்டாவில் சனிக்கிழமை இரவு பதினொன்றரை மணி. ராஜீவ் ரஹதாரியில் கரீம்நகர் பக்கம் போகும் பஸ்களின் இரைச்சல் இன்னும் அடங்கவில்லை. மெயின் ரோட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி, ஒரு மாடி அறையில், கி.மு. 2400. காட்டோரமாக நான்கு வில்லாளிகளும் இரண்டு வாரியர்களும் பதுங்கி நிற்கிறார்கள். எதிரே ஒரு தலைநகரம். மதில் கிடையாது. காவலுக்கு ஒரே ஒரு ஆள்.

லேப்டாப் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு வயது முப்பத்திரண்டு. ஹைடெக் சிட்டியில் மென்பொருள் வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை மேனேஜர் சொல்லும் எதற்கும் எதிர்ப்பேச்சு பேசியறியாதவர். இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பட்டனை அழுத்துகிறார். போர்ப் பிரகடனம்.

இவர்தான் ரஷ்காரர்.

சிட் மையரின் 'சிவிலைசேஷன்' 1991-ல் வந்தது. பரமபதம் மாதிரி முறைவைத்து ஆடும் ஆட்டம். கி.மு. 4000-ல் ஒரு குடியேறியும், பிந்தைய பாகங்கள் சிலவற்றில் கூடவே ஒரு வாரியருமாகத் தொடங்கி, ஊர் கட்டி, எழுத்து கண்டுபிடித்து, விண்கலம் விடுகிறவரை போகலாம். நிதானஸ்தர்கள் பிரமிடு கட்டுவார்கள். பக்திமான்கள் மதம் பரப்புவார்கள். கணக்குவழக்கில் கெட்டிக்காரர்கள் நூலகமும் பல்கலைக்கழகமுமாக அடுக்குவார்கள். ரஷ்காரர் இவர்கள் யாரும் முதல் வாய்க்கால் வெட்டுவதற்குள் அவர்கள் வாசலில் வில்லோடு நிற்பார். இந்த வகை ஆட்டங்களுக்கு 1993-ல் ஆலன் எம்ரிக் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் நான்கு சொல்லில் இலக்கணம் வகுத்தார்: தேடு, பரவு, சுரண்டு, ஒழி. ரஷ்காரர் முதல் சொல்லிலிருந்து நான்காவதுக்கு ஒரே தாவாகத் தாவுகிறவர்.

அவரைப் போர்வெறியர் என்று நினைத்தால் தப்பு. அவர் கஞ்சர். கணக்கைக் கேட்டால் புரியும். 2016-ல் வந்த ஆறாம் பாகத்தில் ஒரு குடியேறியை உருவாக்க 80 உற்பத்தி ஆகும். ஊர் ஜனத்தொகையில் ஒருவர் குறைவார். அடுத்த குடியேறி இன்னும் விலை கூடுவார். இத்தனையும் செலவழித்துக் கிடைப்பது வெறும் பொட்டல் காட்டில் ஒரு குடிசை. வில்லாளிக்கோ 60. அதையும் நேராகக் கொடுக்க வேண்டாம்; 35-க்குக் கவண்காரனைத் தயார் செய்து, பிறகு கொஞ்சம் தங்கம் கொடுத்து வில்லாளியாக்கிக்கொள்ளலாம். 'அகோகே' என்ற ஸ்பார்ட்டா கொள்கையை ஏற்றுக்கொண்டால் படை உற்பத்தி பாதிக்குப் பாதி வேகம் கூடும். கைப்பற்றும் ஊரிலோ பக்கத்து ராஜா உழுத வயல், போட்ட சுரங்கம், சில சமயம் கட்டி முடித்த உலக அதிசயம்கூட இருக்கும். "அவன் கட்டினதை நான் ஏன் மறுபடி கட்டணும்?" என்பார் ரஷ்காரர். வாடகைக்கு வீடு பார்க்கிறவர், போன குடித்தனக்காரர் ஃபேனை விட்டுவிட்டுப் போயிருக்கிறாரா என்று அண்ணாந்து பார்ப்பாரே, அந்தக் குரலில்.

ஆட்டத்தின் மிகக் கடினமான நிலையில் கம்ப்யூட்டர் ராஜாக்கள் கூடுதல் குடியேறிகளோடு களமிறங்குவார்கள். மற்றவர்களுக்கு வயிற்றில் புளி கரையும். ரஷ்காரருக்குச் சீர்வரிசை வந்த மாதிரி இருக்கும். எடுத்த எடுப்பிலேயே பக்கத்து வீட்டுக்காரன் மூன்று ஊர் கட்டுகிறான் என்றால், தனக்காகத்தானே கட்டுகிறான்?

இந்தக் கலையின் பழைய பெருமைகளை அவர் கர்ணபரம்பரைக் கதை போலச் சொல்வார். 2005-ல் வந்த நான்காம் பாகத்தில் இன்காக்களின் கெச்சுவா வீரன் வில்லாளிகளுக்கு எதிரே இரண்டு பங்கு பலம் பெறுவான். கம்ப்யூட்டரோ ஊர்க்காவலுக்கு வில்லாளிகளையே வைத்துக்கொண்டிருக்கும். ஆறாம் பாகத்தில் சுமேரியாவின் கில்காமேஷுக்கு எந்த ஆராய்ச்சியும் தேவையில்லாமல் முதல் நாளே போர்வண்டி கிடைக்கும். சொல்லச் சொல்ல அவர் கண்ணில் ஒரு நனைவு தெரியும். அலுவலகத்தில் பதவி உயர்வு வந்தபோதுகூட அது தெரிந்ததில்லை.

நிஜ வாழ்க்கையிலும் இவரை அடையாளம் காண்பது எளிது. சென்னைக்குப் போகிற சார்மினார் எக்ஸ்பிரஸில் அவருக்கு மேல் பெர்த்தான் விழுந்திருக்கும். ஆனால் கீழ் பெர்த்துக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேரும்போது, அங்கே போர்வை விரித்து, தலையணைக்குக் காற்று ஊதி, சாய்ந்திருப்பார். பேச்சுவார்த்தை அதற்குப் பிறகுதான். ஆறாம் பாகம் வந்த புதிதில் பழங்காலத்தில் தொடுக்கும் போருக்குக் கெட்ட பேரே கிடையாது. காலம் ஏற ஏறத்தான் உலகம் முகம் சுளிக்கும். ரஷ்காரர் அந்த விதியை ரயிலுக்கும் பொருத்திவிட்டார். வண்டி காசிப்பேட்டையைத் தாண்டினால் அது ஆக்கிரமிப்பு, கிளம்புவதற்கு முன்னால் அது வெறும் இடம்.

கல்யாணத்துக்குப் போனாலும் இதே வேகம்தான். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பது பழமொழி. சாப்பிடும்போது முன்னால் போகிற வலக்கை, நாண் இழுக்கும்போது பின்னால் போகிறது, அதுதான் உள்ளர்த்தம் என்று பட்டிமன்ற மேடைகளில் சொல்வார்கள். இந்த விளக்கத்தைக் கேட்டதும் ரஷ்காரர் புளகித்துப்போனார். பந்தியும் வில்லும் ஒரே வாக்கியத்தில் வரும் தத்துவம் வேறு எங்கே கிடைக்கும்? பிந்து என்ற சொல்லை மட்டும் அவர் காது வாங்கிக்கொள்ளவில்லை.

லோத்குண்டாவில் இப்படி ஒருவர் உருவானதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த வட்டாரமே பட்டாளத்தை ஒட்டி வளர்ந்தது. ஒருபக்கம் திருமலகிரி, இன்னொருபக்கம் பொல்லாரம். 1798-ல் நிஜாம் ஆங்கிலேயரோடு துணைப்படை ஒப்பந்தம் போட்டார். அதன்படி வந்து தங்கிய படையைச் சுற்றி எழுந்த ஊருக்கு 1806-ல் அடுத்த நிஜாம் சிக்கந்தர் ஜா பெயரால் செகந்திராபாத் என்று பெயர் வைத்தார்கள். ஒரு அம்புகூட எய்யாமல், படைச்செலவையும் நிஜாம் தலையிலேயே கட்டி, அவர் வீட்டு வாசலிலேயே பாளையம் இறங்கியவர்கள் ஆங்கிலேயர்கள். 60 உற்பத்திக்கு வில்லாளி செய்வதையே சிக்கனம் என்று நினைக்கும் நம்மவருக்கு இந்தக் கணக்கை யாரும் சொன்னதில்லை போலும். அந்தப் பட்டாளத்தோடு மதராஸ் பக்கமிருந்து வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். ரஷ்காரரின் கொள்ளுத்தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். அப்பா ராணுவத்தின் ஈஎம்ஈ பிரிவில் இருபத்தெட்டு வருஷம் வண்டி ரிப்பேர் பார்த்து, சுபேதாராக ஓய்வு பெற்றவர்.

அந்தச் சனிக்கிழமை இரவு தண்ணீர் குடிக்க எழுந்த சுபேதார், மகன் அறையில் வெளிச்சம் தெரியவே உள்ளே வந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"இன்னாடா, நாலு பேர கூட்டிக்கினு கெளம்பிட்ட. பின்னாடி ரேஷன் யாரு கொண்டாறது?"

"இதுல ரேஷன்லாம் இல்லப்பா."

"ஒர்க்‌ஷாப்பு? வண்டி நின்னுபோச்சுன்னா?"

"சக்கரமே இன்னும் கண்டுபிடிக்கலப்பா."

சுபேதார் கட்டிலில் உட்கார்ந்தார். "சரி, சம்பளம்?"

"வில்லாளிக்கு டர்னுக்கு ஒரு தங்கம். வாரியருக்கு ஒண்ணும் கெடையாது."

"டர்னுன்னா எத்தினி நாளு?"

"இந்தக் காலத்துல ஒரு டர்னு நாப்பது வருஷம்."

சுபேதார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல் டர்னிலிருந்து அந்த வாரியர்களில் ஒருவன் நிற்கிறான். நாற்பது டர்ன் ஓடிவிட்டது. மனசுக்குள் பெருக்கினார். "ஆயிரத்தி அறுநூறு வருஷம் சர்வீஸு. கையில ஒரு நயா பைசா இல்ல. பென்ஷனாவது உண்டா?"

"வேணாம்னா டெலீட் பண்ணிடலாம்ப்பா."

அறையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன் என்ற அரசாணை 2015-ல் வந்த நாளிலிருந்து நிலுவைத் தொகையைப் பைசா சுத்தமாகக் கணக்குப் பார்த்து வருகிறவர் அவர். வருஷம் தவறாமல் நவம்பரில் தான் உயிரோடிருப்பதாகச் சர்க்காருக்குச் சான்றிதழ் கொடுக்கிறவர். டெலீட் என்ற சொல் அவருக்கு வேறு மாதிரி கேட்டிருக்கும். செம்பை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

பட்டணம் பிடிபட்டது. வில்லாளிகள் எவ்வளவு எய்தாலும் ஊருக்குள் நுழைய முடியாது. காலை வைக்க வாரியர்தான் வேண்டும். அந்தச் சம்பளமில்லாத வாரியரே காலை வைத்தான். ரஷ்காரர் தனியாகக் கையை உயர்த்தினார். அத்தோடு அவருடைய பொற்காலம் முடிந்தது. அடுத்த பத்து டர்னில் கஜானா கழுத்தைப் பிடிக்கும், ஜனங்கள் முணுமுணுப்பார்கள். 2018-ல் வந்த 'ரைஸ் அண்ட் ஃபால்' விரிவாக்கத்தில் விசுவாசம் என்று ஒன்று சேர்ந்துவிட்டது. பிடித்த ஊர் மனசொட்டாமல் கலகம் செய்து தனி ஊராகிவிடும். அந்தக் கட்டத்தில் ரஷ்காரர் என்ன செய்வார்? புது ஆட்டம் போடுவார். பக்கத்திலேயே குதிரையும், கூப்பிடு தூரத்தில் அண்டை நாடும் அமைகிறவரை மேப்பை மறுபடி மறுபடி மாற்றுவார். அவர் லேப்டாப்பில் பாதியில் நிற்கும் ஆட்டங்கள் நாற்பதுக்கு மேல். ஒன்றிலாவது துப்பாக்கி மருந்தைக் கண்டதில்லை. ரயில் என்று ஒன்று அந்த ஆட்டத்தில் வரும் என்பதே அவருக்கு யாரோ சொல்லித்தான் தெரியும்.

மறுநாள் காலை இட்லித் தட்டின் முன்னால் தன் கட்சியைப் பேசிப் பார்த்தார். ராஜராஜ சோழன் 985-ல் பட்டத்துக்கு வந்ததும் முதலில் என்ன செய்தான்? மூன்று நான்கு வருஷத்துக்குள் காந்தளூர்ச் சாலைமேல் படை. அது ரஷ் இல்லாமல் என்னவாம்? உதாரணம் நல்ல உதாரணம்தான். ஆனால் கல்வெட்டு சொல்கிறபடி அங்கே ராஜராஜன் அறுத்த 'கலம்' கப்பலா, சாப்பாட்டுக் கலமா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். படையா பந்தியா என்ற கேள்வி அங்கேயும் விடவில்லை. தவிர, அதே ராஜராஜன்தான் பிறகு நாட்டு நிலத்தையெல்லாம் கோல் போட்டு அளக்கவைத்தான், 1010-ல் பெரிய கோயிலை முடித்தான். ரஷ்காரரின் சரித்திர அறிவு காந்தளூரோடு நின்றுவிடுகிறது. சுபேதார் எதுவும் பேசாமல் இன்னொரு இட்லி போட்டுக்கொண்டார்.

சோழர் விஷயத்தில் ரஷ்காரருக்கு ஒரு தனிச் சோகமும் உண்டு. 2025 பிப்ரவரியில் ஏழாம் பாகம் வந்தது. சோழர்கள் இருக்கிறார்கள், 'கலம்' என்ற பெயரிலேயே தனிக் கப்பலும் இருக்கிறது என்று கேட்டதும் துள்ளினார். வாங்கிப் பார்த்தால் ஆட்டத்தை மூன்று யுகமாகப் பிரித்திருக்கிறார்கள். சோழர் வருவது இரண்டாம் யுகத்தில். முதல் யுகத்தில் இந்தியப் பக்கத்துக்கு மௌரியரைத்தான் கொடுத்திருக்கிறார்கள். முதல் யுகத்திலிருந்து தொடங்கினால், அது முழுவதையும் பொறுத்திருந்து கடந்தால்தான் புலிக்கொடியைப் பார்க்க முடிந்தது. அவர் இன்றுவரை பார்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆல்வாலில் ஒரு கல்யாணம். முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, மணமக்களுக்கு அட்சதை விழுவதற்குள் ரஷ்காரர் வீடு திரும்பிவிட்டார். மாடி அறையில் லேப்டாப் முன்னால் அப்பா. ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். புது ஆட்டம், அறுபத்திரண்டாவது டர்ன், கி.மு. 1560. மூன்று ஊர், மூன்றுக்கும் மதில், ஒரு சண்டைகூட இல்லை. தலைநகரத்துக்குள் முதல் டர்னில் கிடைத்த வாரியர் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.

"என்னப்பா, இவன இங்கயே நிக்க வெச்சிருக்கீங்க? பக்கத்துலதான் ஊரு இருக்கு, மதிலே இல்ல..." என்று மகன் மவுஸை நீட்டினார்.

சுபேதார் அவர் கையைத் தட்டிவிட்டார். "அவன தொடாத. ரெண்டாயிரத்தி நானூத்தி நாப்பது வருஷம் சர்வீஸு போட்டவன். தூங்குறதுக்கு பட்டன் வெச்சிருக்கான், அமுக்கி வுட்டுட்டேன்."

"அவனுக்குச் சம்பளமே கெடையாதேப்பா."

"தெரியும்" என்றார் சுபேதார், திரையில் ஊருக்குள் ஒரு கட்டடத்தை விரலால் தொட்டுக் காட்டியபடி. "அதான் மொத வேலையா நெல்லுக் களஞ்சியம் கட்டுனேன்."