அக்கார்டியனுக்கு எந்தக் குலம்?

ஏலே பேராண்டி, காதுல ஒயரை மாட்டிக்கிட்டு ராத்திரி பூரா தலைய ஆட்டுனே. விடிஞ்சதும் மூஞ்சி தொங்கிக் கெடக்கு. என்னலன்னு கேட்டா, "தாத்தா, இது ராக்கா, எலெக்ட்ரானிக்கா, நாட்டுப்பாட்டான்னே பிடிபடல"ங்குத. நெசந்தான். பாட்டு நல்லாருக்கான்னு பாக்கது எங்கள மாதிரி கைநாட்டு வேலை. நீ படிச்ச பய, மொதல்ல குலம் கோத்திரம்லா விசாரிக்கணும்!

சரி, விசாரிப்போம். நீ கேட்ட கோஷ்டி பேரு கிங்கி. ஊரு மெக்சிகோவுல மான்டெர்ரே. உருக்காலைக்கும் ஆட்டுக்குட்டிக் கறிக்கும் பேர்போன ஊரு. அஞ்சு பயலுவ. 2000-ல நியூயார்க்குல நடந்த லத்தீன் இசை மாநாட்டுப் போட்டியில ஜெயிச்சானுவ. 2002-ல வந்த மொத ஆல்பத்துக்கும் கோஷ்டிப் பேரையே வச்சுட்டானுவ. யோசிக்கச் சோம்பல் போல. தயாரிச்சுக் குடுத்தது கிறிஸ் அலிசன்னு ஒரு இங்கிலாந்துக்காரன். ஆக, சம்பந்தம் பேசும்போதே கலப்பு. 'சோல்'னு ஒரு பாட்டு இருக்கே, அதுல பிரேசில் சாம்பா மேளம். பேஸ் கிட்டார்க்காரன் தலையில மாட்டுக்காரத் தொப்பி, பக்கத்துல கம்ப்யூட்டர். கண்றாவி.

ஆனா அக்கார்டியன் சத்தம் வந்துச்சுன்னா விட்றாத. "இதாம்யா அசல் மண்வாசனை, மத்ததெல்லாம் மிஷின் சத்தம்"னு நாலு பேரு காதுல விழச் சொல்லிறணும். துருத்தி மாதிரி இழுத்து அமுக்குனா மூச்சு விடுத அந்தப் பெட்டிய, 19-ஆம் நூற்றாண்டுல டெக்சாஸ் பக்கமும் வட மெக்சிகோ பக்கமும் தூக்கிட்டு வந்து இறக்குனது ஜெர்மன்காரனும் செக்குக்காரனும், போல்கா ஆடுததுக்குன்னு எவனாச்சும் வெவரம் பேசுனா, இருமிக்கிட்டே எந்திரிச்சு வந்துரு. 12 கம்பி போட்ட பாஹோ செஸ்தோவோட அது சேந்துதான் அந்த ஊரு நோர்தேன்யோ பாட்டு ஆச்சு. அன்னைக்கும் எவனாவது ஒரு கெழவன் "இது நம்ம வாத்தியமாலே"ன்னு மூக்கைச் சுளிச்சிருப்பான். அவன் பேரனுவதான் இன்னைக்கு அதை அசலுங்கானுவ. நீ சொல்லுத மிஷின் சத்தத்துக்கும் வயசு இருபதைத் தாண்டியாச்சு, பாத்துக்கோ.

சந்தேகம் இன்னும் தீரலன்னா, கிங்கி கீபோர்டுக்காரன்கிட்டயே கேளு, அக்கார்டியன்காரன் எந்தக் குலம்னு. ரெண்டையும் வாசிக்கது ஒரே ஆளுதான், உலிசெஸ் லொசானோ.