ஜெர்மனியில் ஒரு சிம் கார்டு

மகன் மேற்படிப்புக்கு ஜெர்மனி போகிறான். இறங்கியதுமே சிம் கார்டு வாங்கிவிடலாமா?
*வாசகி, கும்பகோணம்*

சூப்பர் மார்க்கெட்டில் உருளைக்கிழங்கோடு சேர்த்தே பில் போட்டுவிடலாம். ஆனால் 2017 முதல் ப்ரீபெய்டு சிம்முக்கும் அடையாளச் சான்று கட்டாயம். பெரும்பாலும் வீடியோ காலில் வரும் ஊழியரிடம், பாஸ்போர்ட்டை இப்படியும் அப்படியும் சாய்த்து, அதில் மின்னும் முத்திரையைக் காட்ட வேண்டும். அதற்குள் உருளைக்கிழங்கு வெந்துவிடும்.

24 மாத ஒப்பந்தம் போட்டால் போன் இலவசமாமே?
*வாசகர், திருப்பூர்*

மாதாமாதம் பில்லில் வருவது என்னவாம்? தவிர, ஒப்பந்தத்துக்கு முன் ‘ஷூஃபா’ என்ற நிறுவனத்திடம் கடன் வரலாறு கேட்பார்கள். நம்ம ஊரில் கடன் இல்லாதவனுக்குப் பெண்ணே கொடுப்பார்கள். அங்கே கடன் வரலாறு இல்லாதவனுக்குப் போன்கூடக் கொடுக்கத் தயங்குவார்கள். முதலில் ப்ரீபெய்டே போதும்.

நம்ம ஊர் நம்பரைத் தலைமுழுகிவிடலாமா?
*வாசகர், சிவகாசி*

பேங்க் ஓடிபி எந்த நம்பருக்கு வருகிறது? ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் நம்பர் ஒருநாள் வேறொருவருக்குப் போகும். ஓடிபியும் அவரைத் தேடிப் போகும். பேங்கில் நம்பரை மாற்றும்வரை குறைந்தபட்ச ரீசார்ஜாவது போட்டு வையுங்கள்.

ஜெர்மனி சிம் பாரிஸில் வேலை செய்யுமா?
*வாசகி, நாகர்கோவில்*

செய்யும். 2017 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தனி ரோமிங் கட்டணம் கிடையாது. சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை. பிளானில் அது சேர்த்தியா என்று பார்த்துவிட்டு ரயில் ஏறட்டும். சேர்த்தி இல்லையென்றால், ஆல்ப்ஸ் மலையைக் கண்ணால் பார்ப்பது இலவசம், வீடியோ காலில் அம்மாவுக்குக் காட்டினால் காசு!