கல் சுமந்த உழவர்கள்

விவசாயி ஆயுசு முழுக்க வயலில் கல் பொறுக்குவான். கொழு முனை மழுங்குதே என்று திட்டிக்கொண்டே பொறுக்கி, வரப்போரம் எறிவான். அதே கல்லைப் பொட்டலம் கட்டிக் கடல் தாண்டிக் கொண்டுபோய், இன்னொருத்தன் ஊரில் அடுக்கி, ‘உலக அமைதிச் சின்னம்’ என்று கை தட்டினால்? சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது. எல்லோரும் நல்ல தெளிவோடுதான் இருந்தார்கள்.

எனக்கு இது ஞாபகம் வந்த இடம் கொச்சியின் வைட்டிலா ஜங்ஷன். மேலே மேம்பாலம், பக்கத்தில் மெட்ரோ, நடுவில் அசையாத பஸ், அதற்குள் நான். ‘வயல்தலை’ என்ற பெயர்தான் தேய்ந்து வைட்டிலா ஆனது என்பார்கள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். தலை நிறையத் தெரிந்தது. வயலைத்தான் காணோம்.

நம் கதையின் ஊர் கோபர்க். கனடாவில், டொரன்டோவுக்குக் கிழக்கே நூறு கிலோமீட்டர் போலப் போனால் வரும் ஏரிக்கரைச் சிற்றூர். 1816-ல் இங்கிலாந்து இளவரசி சார்லட், சாக்ஸ்-கோபர்க் வம்சத்து லியோபோல்டைக் கட்டிக்கொண்டார். அந்தக் கல்யாண ஞாபகமாக ஊருக்குப் பெயர் வைத்தார்கள். எழுதிய குமாஸ்தா கைதவறி ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டிவிட்டதாகச் சொல்வார்கள். ரேஷன் கார்டில் பெயர் மாறிப்போன நமக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

ஊர் சிறிசு, ஆசை பெரிசு. 1854-ல் ரைஸ் லேக் என்ற ஏரியின் குறுக்கே மரப்பாலம் கட்டி ரயில் விட்டார்கள். கனடாவின் குளிர்காலம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஏரி உறைந்து, பனிக்கட்டி நெருக்கி, பாலத்தை வருஷா வருஷம் நெளித்தது. 1860-ல் வேல்ஸ் இளவரசர் வந்தபோது, ‘ராஜகுமாரா, எங்கள் பாலத்தின் அழகைப் பாருங்கள், ஏறிவிட மட்டும் வேண்டாம்’ என்று ஸ்டீமரில் ஏற்றி அக்கரை சேர்த்தார்கள். அதே பயணத்தில்தான் அவர் கையால் விக்டோரியா ஹால் என்கிற மாளிகையையும் திறக்க வைத்தார்கள். சின்ன ஊரின் டவுன் ஹால் அது. பார்த்தால் ஒரு நாட்டுக்கே தலைமைச் செயலகம் மாதிரி இருக்கும்.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் 1953-ல் முதல் உலக ஏர் உழவுப் போட்டி வந்து சேர்ந்தது.

இரண்டாம் உலகப்போர் முடிந்து சில வருஷம்தான். பெரிய பெரிய தலைவர்கள் நியூயார்க்கில் உட்கார்ந்து சமாதானம் பேசி, அடுத்த சண்டைக்கும் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஆல்ஃபிரட் ஹால் என்ற இங்கிலாந்துக்காரருக்கும் கூட்டாளிகளுக்கும் ஒரு யோசனை. எல்லா நாட்டு உழவர்களும் ஒரே வயலில் இறங்கி நேராக உழுதால் உலகம் திருந்திவிடாதா? 1952-ல் உலக உழவு அமைப்பு பிறந்தது. ஹால் அதன் முதல் பொதுச்செயலாளர். சின்னத்துக்கு லத்தீனில் ஒரு வாசகமும் பிடித்தார்கள்: நிலத்தை அமைதி உழட்டும் என்று அர்த்தம். அமைதியே வந்து உழுதுவிட்டால் இவர்களுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

போட்டி எப்படி நடக்கும்? டிராக்டர்காரர் ஒரு சால் ஓட்டுவார். இறங்குவார். குனிந்து பார்ப்பார். போல்ட்டை அரைத் திருகு திருகுவார். மறுபடி ஏறுவார். நடுவர்கள் பின்னாலேயே வந்து, சால் நேராக இருக்கிறதா, மண் முழுசாகப் புரண்டிருக்கிறதா, பழைய தாள் ஏதாவது தலை நீட்டுகிறதா என்று, பெண் பார்க்க வந்த பெரியம்மா மாதிரி ஆராய்வார்கள். இதோடு ஒப்பிட்டால் டெஸ்ட் மேட்ச் சூதாட்டக் கிளப். விளைச்சல் எவ்வளவு என்று மட்டும் யாரும் கேட்க முடியாது, ஏனென்றால் யாரும் விதைப்பதே இல்லை.

முதல் வருஷம் ஜெயித்தவர் ஜேம்ஸ் எக்கில்ஸ், கனடாக்காரர். சொந்தப் பிட்ச், நமக்குப் புரியும். அடுத்து வட அயர்லாந்தின் ஹியூ பார் 1954, 55, 56 என்று வரிசையாக மூன்று தடவை அடித்தார். பரிசு, தங்கக் கலப்பை. சித்திரையில் பொன்னேர் பூட்டும் நம் ஊர்க்காரர்கள் இதைக் கேட்டால், ‘எங்க தாத்தா காலத்துலயே’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். தயவுசெய்து பலராமரை மட்டும் அனுப்பிவிடாதீர்கள். கள் மயக்கத்தில் கலப்பையைப் போட்டு யமுனை நதியையே கோணலாக இழுத்தவர் அவர். முதல் சாலிலேயே டிஸ்குவாலிஃபை.

இனி, அந்தக் கற்குவியல். போட்டியின் நினைவாக அமைதிக் கற்குவை எழுப்புவது வழக்கமானது. முதலாவது கோபர்க்கில். முன்னேர் போன வழி பின்னேர் என்று, அடுத்தடுத்துப் போட்டி நடத்திய நாடுகளும் ஆளுக்கொன்று எழுப்பின. வருகிற நாடுகள் தங்கள் மண்ணின் கல்லைக் கொண்டுவர வேண்டும். நாம் நடுகல் நட்டது மாட்டுமந்தை கவர்கிற சண்டையில் செத்தவனுக்கு. இவர்கள் ஒருத்தரும் சாகாததற்குக் கல் அடுக்கினார்கள். யோசித்தால் இதுவே மேல்.

ஆனால் அமைதி என்பது அவ்வளவு நேராக உழக்கூடிய நிலமா? 1968 ஏப்ரலில் போட்டி எங்கே நடந்தது தெரியுமா? ரொடீசியாவில், நார்ட்டன் என்ற இடத்தில். கறுப்பின மக்களை ஒதுக்கிவிட்டு, வெள்ளைச் சிறுபான்மை தானாகவே சுதந்திரம் அறிவித்துக்கொண்ட அதே ரொடீசியா. அந்த அரசு சந்தோஷமாகத் தபால்தலையே வெளியிட்டது. அடுத்த மாதமே ஐ.நா. சபை அந்த நாட்டின் மீது முழுப் பொருளாதாரத் தடை போட்டது. சால் என்னவோ நேராகத்தான் இருந்திருக்கும்.

பஸ் இன்னும் நகரவில்லை. ஆகவே சொல்கிறேன்: இந்தப் போட்டியை வைட்டிலாப் பக்கத்துப் பொக்காளி நெல் வயலில் நடத்தியிருந்தால் ஹியூ பாரின் கதி என்ன? கடல் உப்பு ஏறி இறங்கும் சேறு அது. டிராக்டர் இறங்கினால் அதைத் தூக்க ஜேசிபி, ஜேசிபியைத் தூக்கக் குருவாயூரிலிருந்து யானை. இங்கே சால் கிடையாது. மண்ணைக் கையாலேயே மேடு மேடாகக் கூட்டி, மழை உப்பைக் கழுவிய பிறகு முளைகட்டிய விதையைத் தூவுவார்கள். ஒரு மாதத்தில் மேட்டை வெட்டி நாற்றோடு பரப்புவார்கள். அறுப்பில் தண்ணீருக்குள் நின்று கதிரை மட்டும் கொய்வார்கள். மிச்சத் தாள் அழுகி, அடுத்து வரும் இறாலுக்குச் சாப்பாடு. ஒரே வயலில் சோறும் குழம்பும்!

உப்பைத் தாங்கும் இந்த நெல்லின் மரபணுவைத் தேடி உலகத்து விஞ்ஞானிகள் வரிசையில் நிற்கிறார்கள். இங்குள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் தன் ரகங்களுக்கு வைட்டிலா-1, வைட்டிலா-2 என்று ஊர்ப் பெயரையே வைத்தது. டிராஃபிக் ஜாமுக்குப் பேர்போன ஜங்ஷன், விதை மூட்டையில் ஏறி ஊர் ஊராகப் போகிறது. என் பஸ்ஸைவிட வேகமாக.

நாளைக்கே பொக்காளிக்காரர் ஒருவரை கனடாவுக்குக் கூப்பிட்டு, உங்கள் வயலிலிருந்து ஒரு கல் கொண்டு வாருங்கள் என்றால் சிக்கல். அந்தச் சேற்றில் அவர் கல்லுக்கு எங்கே போவார்? ஒரு டிஃபன் டப்பாவில் மண்ணை அள்ளிக்கொண்டு போகலாம். கனடா வெளிநாட்டு மண்ணை உள்ளே விடாது. டப்பாவை ஏர்போர்ட்டிலேயே பிடுங்கி வைத்துக்கொள்வார்கள்.