முத்திரை குத்தினால் மட்டும் போதுமா?

கேள்வி: பொறியாளர்களுக்கும் நிலவியலாளர்களுக்கும் சங்கம் எதற்கு? சந்தா கட்டி, ஆண்டுக்கொரு விருந்து சாப்பிடவா?
– வாசகர், மதுரை

பதில்: சாப்பிடட்டும், தப்பில்லை. ஆனால் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் பொறியாளர்-நிலவியலாளர் சங்கத்தில் பதிவு செய்யாமல் யாரும் தன்னைத் தொழில்முறைப் பொறியாளர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பதிவு பெற்றவர் தன் வரைபடத்தில் முத்திரை வைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் விசாரிக்கவும் அபராதம் போடவும் பதிவைப் பறிக்கவும் சங்கத்துக்குச் சட்டமே அதிகாரம் தந்திருக்கிறது.

2014 ஆகஸ்ட் 4 அன்று அங்கே மவுண்ட் பாலி சுரங்கத்தின் கழிவு அணை உடைந்தது. சுமார் 2.5 கோடி கன மீட்டர் நீரும் கழிவும் குவெனல் ஏரி வரை பாய்ந்தன. அணைக்கு அடியில், பனியுகத்து ஏரி ஒன்று படியவிட்ட களிமண் அடுக்கு இருந்தது. அதன் பலவீனத்தை வடிவமைப்பில் கணக்கில் எடுக்கவில்லை என்றது உடைப்பை ஆராய்ந்த நிபுணர் குழு.

மண்ணைப் படிப்பவரையும் அதன்மேல் கட்டுபவரையும் ஒரே சங்கத்தில் உட்காரவைப்பது ஏன் என்பதற்கு இதைவிடப் பெரிய பதில் வேண்டாம். அணை அடித்தளத்தை எப்படி ஆராய வேண்டும் என்று 2016-ல் சங்கம் வழிகாட்டி நெறிகள் வெளியிட்டது. பின்னர் அந்த அணையில் வேலை பார்த்த பொறியாளர்கள் சிலர் மீது ஒழுங்கு நடவடிக்கையும் எடுத்து, ஊரறிய அறிவித்தது.

முதலாளியிடமிருந்து உறுப்பினரைக் காப்பது தொழிற்சங்கம். உறுப்பினரின் அலட்சியத்திலிருந்து ஊரைக் காப்பது இந்தச் சங்கம். இரண்டும் வேண்டும்!