ஒட்டினால் ஒட்டும், இழுத்தால் வரும்!

கேள்வி: ஆபீசில் ஸ்டிக்கி நோட் கட்டுக் கட்டாகத் தருகிறார்கள். போன் நம்பர் குறிப்பதைத் தவிர வேறு எதற்காவது ஆகுமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: ஆகுமாவா! முதலில் உங்கள் கீபோர்டைப் பாருங்கள். நேற்று சாப்பிட்ட மிக்சரின் ஓமப்பொடி எழுத்துகளுக்கு நடுவே குடியேறியிருக்கும். சீட்டின் பசை ஓரத்தை அந்த இடுக்கில் விட்டு இழுங்கள். பொடி, தூசி, தலைமுடி எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். மேஜைக்கடியில் பின்னிக் கிடக்கும் ஒயர்களில் 'மானிட்டர்', 'பிரிண்டர்' என்று எழுதிச் சுற்றிவிட்டால், அடுத்தவர் கம்ப்யூட்டரை அணைத்த பாவம் உங்களைச் சேராது.

கீழிருந்து மேலாகக் கிழித்தால் சீட்டு சுருண்டுகொள்ளும். பக்கவாட்டில் உரியுங்கள், தட்டையாக நிற்கும்.

1968-இல் அமெரிக்காவின் த்ரீ எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் இந்தப் பசையைக் கண்டுபிடித்தபோது, சரியாக ஒட்டவில்லை என்று அதைச் சீந்துவாரில்லை. சர்ச் பாட்டுப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்த தாள் விழுந்துகொண்டே இருந்ததால், சக ஊழியர் ஆர்ட் ஃப்ரைக்கு அதன் அருமை புரிந்தது. 1980-இல் இந்தச் சீட்டு 'போஸ்ட்-இட்' என்ற பெயரில் அமெரிக்கா முழுக்கக் கடைக்கு வந்துவிட்டது.

உதவி செய்த தோழியின் டிபன் பாக்ஸ் மேல் 'நீ இல்லாவிட்டால் இன்று தொலைந்தேன்' என்று ஒட்டிவையுங்கள், அதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தெரியவில்லை. பாஸ்வேர்டை மட்டும் எழுதி மானிட்டரில் ஒட்டாதீர்கள், தாயே!